வடிகால் உங்கள் வரப்பை ஒட்டித்தான் போகிறது

கேள்வி: சிதம்பரம் வட்டம், கிள்ளைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 1 ஏக்கர் 70 சென்ட் நஞ்சை. பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். சாகுபடி முழுக்க என் பொறுப்பு. சில வருடங்களாகச் சம்பா நட்ட பிறகு பயிர் திட்டுத்திட்டாகக் காய்கிறது. கோடையில் மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. உளுந்து முளைப்பதே இல்லை. எங்கள் வயல்தான் பள்ளம். வடிகால் எங்கள் வரப்பை ஒட்டித்தான் போகிறது. ஊர் உழவர் மன்றத்தில் தலைக்கு 3,000 ரூபாய் போட்டு வடிகாலைத் தூர்வாரி, எல்லாரும் சேர்ந்து பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைக்கலாம் என்கிறார்கள். நடவைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் சொல்கிறார்கள். மன்றத்தில் மேலத்தெருக்காரர்கள்தான் அதிகம், எங்கள் பேச்சு எடுபடாது. கொழுந்தனாரோ இறால் குட்டைக்கு விட்டுவிடலாம் என்கிறார். நான் தனியாக ஜிப்சம் வாங்கிப் போட்டுச் சரிசெய்ய முடியாதா?

பதில்:

முடியாது அம்மா. மண்ணைப் பரிசோதிக்காமல் ஜிப்சம் வாங்கினால் அந்தப் பணம் வயலில் கரைந்துபோகவே வாய்ப்பு அதிகம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மன்றத்தில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உப்பு நிலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உவர். கரையும் உப்பு மண்ணில் அதிகமாக இருக்கும், கோடையில் வெள்ளை பூக்கும், ஆனால் கார அமில நிலை 8.5க்குள் நிற்கும். இதற்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வெளியேற்றினால் போதும். இன்னொன்று களர். இதில் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், கார அமில நிலை 8.5ஐத் தாண்டும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் கலங்கலாகவே நிற்கும், காய்ந்தால் கட்டாந்தரையாக இறுகிவிடும். இதற்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் போய் சோடியத்தை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். கிளம்பிய சோடியம் தண்ணீரோடு வயலைவிட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாமல் ஜிப்சம் மட்டும் போடுவது, துணிக்குச் சோப்பு போட்டுவிட்டு அலசாமல் கொடியில் காயப்போட்ட கதைதான்.

ஆக, உவரானாலும் களரானாலும் கடைசியில் வேலை வடிகாலில் வந்து நிற்கிறது. வடிகாலோ யாருடைய தனி வயலுக்குள்ளும் அடங்குவதில்லை.

உங்கள் பகுதியில் உப்பு வருகிற வழிகளையும் பார்த்துவிடுவோம். கீழணையில் பிரிந்து ராஜன் வாய்க்கால், கான்சாகிப் வாய்க்கால் வழியாக வரும் நல்ல தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்போது இளைத்துவிடுகிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12ல் திறந்தாலும் நம் பக்கத்துக்குத் தண்ணீர் விடுவது அதற்குப் பிறகுதான். எதிர்ப் பக்கத்தில் கடல். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் உப்பங்கழித் தண்ணீர் வடிகால் வாய் வழியாக எதிரேறி உள்ளே வரும். வடிகாலில் வேலிகாத்தானும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால், ஏறிய உப்புத் தண்ணீர் திரும்ப இறங்காமல் அங்கேயே தேங்கிப் பக்கத்து வயல்களில் ஊறும். நிலத்தடியிலும் உப்பு நீர் மேலேதான் இருக்கிறது. கோடை வெயிலில் அது மண்ணின் நுண்துளைகள் வழியாக ஏறி, தண்ணீர் ஆவியாகி, உப்பு மேலே தங்கிவிடுகிறது. நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான். அதனால்தான் கோடையில் வயலை வெட்டவெளியாகக் காயவிடக் கூடாது. சம்பா அறுத்த கையோடு ஒரு புழுதி உழவு ஓட்டி, கிடைக்கிற வைக்கோல் சருகைப் பரப்பிவிட்டாலே உப்பு ஏறுவது கணிசமாகக் குறையும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, இந்த வருடமே செய்துவிடலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர், நாகைக் கரையோரத்தில் ஏராளமான வயலில் கடல் ஏறி நின்றது. இனிப் பத்து வருடத்துக்குப் புல்லும் முளைக்காது என்றுதான் அன்று பேச்சு. 2005 இறுதியில் பெய்த கனமழை பெருமளவு உப்பைக் கழுவிக்கொண்டு போனது. தக்கைப்பூண்டும், களருக்குத் தாங்கும் திருச்சி 1 போன்ற நெல் ரகங்களும் மீதியைப் பார்த்துக்கொண்டன. நம் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடுகிறது. செலவில்லாமல் கழுவித் தருகிற இவ்வளவு தண்ணீர் உள்நாட்டு உப்பு நிலத்துக்காரருக்குக் கிடைப்பதில்லை. வடிகால் திறந்திருந்தால் அந்த மழை மருந்து, அடைத்திருந்தால் அதே மழை உப்பை உங்கள் பள்ளத்தில் கொண்டுவந்து சேர்க்கும்.

இனி மன்றத்துக்கு வருவோம். என் யோசனை, சேருங்கள். ஆனால் அவர்கள் சொல்கிற விதத்தில் அல்ல.

எங்கள் பேச்சு எடுபடாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்களின் நிலவரம் தெரிந்தவன் என்பதால் அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதே கடிதத்தில், உங்கள் வயல்தான் பள்ளம், வடிகால் உங்கள் வரப்பை ஒட்டித்தான் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்களே, அதன் கனம் உங்களுக்குத் தெரிகிறதா? தூர்வார இயந்திரம் வந்தால் உங்கள் வரப்பில்தான் நிற்க வேண்டும். வாரிய மண்ணை உங்கள் கரையில்தான் போட வேண்டும். மேட்டு வயல்களைக் கழுவிய தண்ணீர் உங்கள் ஓரமாகத்தான் போக வேண்டும். நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இந்த வேலை நடக்காது. மன்றம் உங்களுக்குத் தேவைப்படுவதைவிட நீங்கள் மன்றத்துக்கு அதிகம் தேவைப்படுகிறீர்கள். பேரம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் பேச வேண்டும், கட்டிய பிறகு பேசிப் பயனில்லை.

முதலில் கழுவும் வரிசை. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். வயலில் ஓர் அரையடி நல்ல தண்ணீர் கட்டி, சேறு கலக்கி, ஒரு நாள் நிறுத்தி வடித்துவிட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. மேட்டு வயல்காரர் வடிக்கிற உப்புத் தண்ணீர் உங்களைத் தாண்டித்தான் போகும். நீங்கள் முந்தி நட்டுவிட்டு அவர்கள் பிந்திக் கழுவினால் அவர்கள் உப்பு உங்கள் நாற்றில் ஏறும். சில வருடமாகத் திட்டுத்திட்டாகக் காய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆகவே மேட்டு வயல்கள் முதலில் கழுவ வேண்டும், பள்ள வயல்கள் கடைசியில். உங்கள் நடவுக்குப் பிறகு யாரும் வடிகாலில் உப்புத் தண்ணீர் விடக்கூடாது. தேதி போட்டு மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நடவைத் தள்ளிப்போடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்தத் தள்ளல் எல்லாருக்கும் பொது என்று இருந்தால் மட்டும்.

அடுத்தது பணம். தலைக்கு 3,000 என்பது கேட்கச் சமமாகத் தோன்றும். ஒன்றே முக்கால் ஏக்கர்கூட இல்லாத உங்களுக்கும் பத்து ஏக்கர்காரருக்கும் ஒரே தொகை எப்படிச் சரியாகும்? ஏக்கர் கணக்கில் பங்கு போடச் சொல்லுங்கள். முடியாது என்றால், வாரிய வண்டல் போட உங்கள் கரையைத் தருவதையும், இயந்திரம் இறங்குவதால் நீங்கள் இழக்கிற வரப்பையும் உங்கள் பங்கில் கழிக்கச் சொல்லுங்கள். ஆள் வேலையாகவும் பங்கு தரலாம் என்று வைத்தால் உங்கள் தெருக்காரர்கள் இன்னும் சிலர் உள்ளே வருவார்கள். நாலு பேராகப் போய் உட்கார்ந்தால் பேச்சும் தானாக எடுபடும். உங்கள் மகளிர் குழுவில் நிலம் வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மன்றம் முறைப்படி பதிவானதா, வங்கிக் கணக்கில் எத்தனை பேர் கையெழுத்து என்பதையும் கேளுங்கள். உறுப்பினர் பட்டியலில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரே இருக்க வேண்டும். கணவர் பெயரைப் போட்டு வைத்தால் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

மன்றத்தால் ஆகாத காரியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயலுக்கு வயல் போகிற சிறு வடிகாலை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பெரிய வடிகாலும் அதன் வாயும் அரசுடையது. அனுமதியில்லாமல் பொக்லைன் இறக்கினால் வம்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் வாய்க்காலுக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் மன்றமும் அந்தச் சங்கமும் சேர்ந்து, எல்லா வயல்களின் சர்வே எண்ணையும் போட்டு ஒரே மனுவாக நீர்வளத்துறைக்குக் கொடுக்கட்டும். மனுவில் தூர்வாருவதை மட்டும் கேட்காமல், ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் எதிரேறாதபடி வடிகால் வாயில் கதவு வைக்கவும் கேட்க வேண்டும். கதவில்லாமல் ஆழமாகத் தூர்வாரினால் கடல் இன்னும் சுலபமாக உள்ளே வரும்! மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் முப்பது பேர் கையெழுத்தோடு போகிற மனுவுக்கும் தனியாள் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராம சபையிலும் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். அது கூடுகிற ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஊர் கூடிப் பாசனம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பக்கத்துப் புதுச்சேரியில், தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நிரம்புகிற பாகூர் ஏரிக்கு, பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே உழவர் சங்கம் இருந்தது. பின்னாளில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு அங்கே ஏரிகளைச் சீரமைத்தபோதும் ஊர்தோறும் சங்கம் அமைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். நம் பக்கச் சிக்கல், திட்டப் பணம் தீர்ந்ததும் சங்கமும் படுத்துவிடுவது. வடிகாலில் களை இரண்டு மழைக்குள் திரும்ப வந்துவிடும். அடுத்த வருடம் தூர்வாருகிற செலவு எங்கிருந்து வரும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அரசின் கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவுக்குப் பொது இயந்திரம் வாங்க 5 லட்ச ரூபாய் தரப்பட்டது. உங்கள் வட்டாரத்தில் அப்படிக் குழு இருந்தால் அவர்களிடம் உள்ள டிராக்டர், ரோட்டவேட்டரைக் குறைந்த வாடகைக்குக் கேட்கலாம். தக்கைப்பூண்டை மண்ணோடு மடக்கி உழ அது வேண்டும்.

வயல் வேலைக்கு வருகிறேன். இந்தக் கோடையிலேயே ஆய்வுக்கு மண் எடுங்கள். மேலே பூத்திருக்கிற வெள்ளையைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, ‘வி’ எழுத்துப்போல அரையடி ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டிலிருந்து ஒரு கீற்று எடுக்க வேண்டும். காய்கிற திட்டுகளில் எடுத்ததைத் தனிப் பையிலும், பயிர் நிற்கிற இடத்தில் எடுத்ததைத் தனிப் பையிலும் வையுங்கள். கலந்துவிட்டால் ஆய்வில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ போதும். கேணித் தண்ணீர், போர் தண்ணீர் இருந்தால் அதையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். கடலூரில் மண் ஆய்வுக்கூடம் இருக்கிறது, விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மன்றத்தார் எல்லாரும் ஒரே நாளில் கொடுத்தால் எந்த வயல் உவர், எந்த வயல் களர் என்று ஊருக்கே ஒரு படம் கிடைத்துவிடும். எல்லாருக்கும் மொத்தமாக ஜிப்சம் வாங்கலாம் என்று யாராவது கிளம்பினால், இந்தப் படம் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

களர் என்று வந்தால் ஆய்வுக்கூடம் ஜிப்சம் தேவையைக் கணக்கிட்டுத் தரும். நெல்லுக்கு அதில் பாதி போதும். நெல்லின் வேர் மேலாகத்தான் ஓடுகிறது, ஆழத்தை அது கேட்பதில்லை.

மண்ணைச் சமன் செய்வதுதான் பலர் அலட்சியம் செய்கிற வேலை. சாணளவு மேடு இருந்தால்கூட அந்த இடம் தண்ணீருக்கு வெளியே நிற்கும், உப்பெல்லாம் அங்கேதான் போய் ஏறும். ஆடி, ஆவணியில் கிடைக்கிற மழையிலோ வாய்க்கால் தண்ணீரிலோ தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் பசுந்தாள் விதை மானியத்தில் கிடைக்கிறதா என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. நாற்பத்தைந்து நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். விட்டால் தண்டு முற்றி நாராகிவிடும், மக்காது. நன்றாக வந்த பயிர் ஏக்கருக்குப் பத்து டன் வரை பசுந்தழை தரும். எல்லாரும் ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும் என்று மன்றம் சொல்வது இங்கே சரி. ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடு ஆடு எல்லாம் உங்கள் வயலில்தான் நிற்கும்.

மடக்கியபின் மேலே சொன்னபடி கழுவி, புரட்டாசியில் நடவு. களரென்றால் திருச்சி 1, திருச்சி 3. கோ 43ம் ஓரளவு தாங்கும். நாற்று கொஞ்சம் முதிர்ந்ததாக இருக்கட்டும், குத்துக்கு மூன்று நான்கு வையுங்கள், இளம் நாற்று உப்பில் கருகிவிடும். களர் மண்ணில் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாது, ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாகப் போடலாம். உளுந்தை இந்த வருடம் மறந்துவிடுங்கள். பயறு வகைகள் உப்பு தாங்காதவை, இரண்டு சம்பா கழுவிய பிறகு ஒரு ஓரத்தில் போட்டுப் பார்க்கலாம். முதல் வருடமே முழு மகசூலை எதிர்பார்க்காதீர்கள். திட்டுகள் சுருங்கினால் வழி சரி என்று அர்த்தம்.

ஏரி வண்டல் அடித்தால் நிலம் தேறும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு சொல். அரசு அனுமதியோடு வண்டலை விலையில்லாமல் எடுக்கலாம், நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை. மணல் வயலுக்கு அது அருமையான பொருள். உங்கள் நோய்க்கு அது மருந்தல்ல. அதிலும் கழியோரக் குட்டை வண்டலை ஆய்வு செய்யாமல் வயலில் கொட்டிவிடாதீர்கள். புதிதாக ஆழ்துளைக் கிணறு போடும் எண்ணமும் வேண்டாம். கடற்கரையில் ஆழமாகப் போகப் போக உப்புத்தான் வரும், இறைக்க இறைக்க மேலேயும் ஏறும்.

பட்டா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மானியம் எதற்கும் பட்டா, சாகுபடிப் பதிவான அடங்கல், சிறு குறு விவசாயிச் சான்று கேட்பார்கள். இறந்தவர் பெயரில் பட்டா இருக்கும்வரை நீங்கள் எங்கும் வரிசையில் நிற்க முடியாது. வாரிசுச் சான்று வாங்கி, முதலில் கூட்டுப் பட்டாவாகவாவது மாற்றிக்கொள்ளுங்கள். கணவர் ஊருக்கு வரும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

கொழுந்தனாரிடம் பேச இதுவே வசதியான வாசல். வாரிசுகள் எல்லாருக்கும் பங்குள்ள நிலத்தை ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குத்தகைக்கு விட முடியாது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பு, விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று சொன்னது. 2005ல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் குட்டை நடத்தவும் முடியாது. அவர் பேசிவைத்திருக்கிற ஆளிடம் பதிவுச் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். குத்தகைப் பணம் கையில் வாங்கும்போது இனிக்கும் என்பது உண்மை. வீட்டுக் கஷ்டத்தில் அவர் சொல்வதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உவர்நீர் தேக்கிய நிலத்தைக் குத்தகைக்காரர் கழுவித் திருப்பித் தரமாட்டார். பள்ளத்தில் குட்டை வந்தால் அந்த உப்பு மேட்டு வயல்களிலும் ஊறும். அதனால் மன்றத்தாரும் இதில் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள். கூட்டத்தில் இந்தப் பேச்சையும் எடுங்கள். கழுவும் வரிசையையும் ஏக்கர் கணக்குப் பங்கையும் ஒத்துக்கொள்ள வைக்க அது உதவும்.

மண் ஆய்வு அட்டை வந்ததும் அதன் நகலையும், வயலின் நான்கு புறமும் யார் யார் வயல், எது மேடு எது பள்ளம் என்று கையால் போட்ட ஒரு படத்தையும் அனுப்புங்கள். ஜிப்சம் வேண்டுமா, எவ்வளவு என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். ஆடி பிறப்பதற்குள் அனுப்பினால் இந்தச் சம்பாவுக்கே உதவும்.